கடக்கக்கூடிய வாரங்கள்: வளரிளம் பருவத்து மனநிலைக் கோளாறுகளும் தற்கொலைத் தடுப்பும்

வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே நேரும் ஒவ்வொரு இறப்பையும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நெடுங்காலமாக வீடு தேடிச் சென்று விசாரித்துப் பதிவு செய்து வந்திருக்கின்றனர். அவ்வாறு திரட்டிய பத்தாண்டுப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 148 பேரும், அதே வயது ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்ததைக் காட்டியது. அந்த வயதுப் பெண்களிடையே நேர்ந்த மொத்த இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரு காரணத்தால் நேர்ந்தவை. மேலை நாடுகளில் இந்த வயதில் ஆண்பிள்ளைகளே மிகுதியாக இறக்கின்றனர் என்பதையும், காவல்துறைக் கணக்கில் ஏறாமல் போகும் இறப்புகள் இங்கே ஏராளம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிய துயரத்தை வெளிக்கொணர்ந்தது என்பது விளங்கும். உலக அளவில் 2021இல் ஏறத்தாழ 7,27,000 பேர் தற்கொலையால் இறந்ததாகவும், 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக் காரணங்களில் அது மூன்றாம் இடத்தில் இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இத்தகைய இறப்பு செய்தியாகும்போது அதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லப்படுவது வழக்கம்: தேர்வில் தோல்வி, பெற்றோர் கண்டித்தது, கைப்பேசி வாங்கித் தர மறுத்தது, காதல் முறிந்தது. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் தேர்வில் தோற்கின்றனர், திட்டு வாங்குகின்றனர், காதலில் ஏமாற்றம் அடைகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அழுது, சோர்ந்து, பிறகு எழுந்துவிடுகின்றனர். எனவே அந்த நிகழ்வு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணியே ஒழிய முழுச் சங்கிலி அன்று. முந்தைய கண்ணிகளைத் தேடுவதற்காக உருவானதே உளவியல் உடற்கூராய்வு என்னும் முறை. இறந்தவரின் குடும்பத்தினர், நண்பர்கள், ஆசிரியர்கள் ஆகியோரிடம் விரிவாகவும் பரிவுடனும் பேசி, அவருடைய கடைசி மாதங்களின் மனநிலையை மீட்டெடுத்துப் பார்ப்பது அது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டேவிட் பிரென்ட் என்னும் மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து நடத்திய இவ்வகை ஆய்வுகளில், இறந்த வளரிளம் பருவத்தினரில் பெரும்பான்மையோருக்கு மனநோய் ஒன்று இருந்ததும், அவற்றுள் மனநிலைக் கோளாறுகளே முன்னணியில் நின்றதும், பலர் உரிய சிகிச்சை பெறாமலே இருந்ததும் தெரியவந்தன. சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் தற்கொலையால் இறந்த 100 பேரை, உயிருடன் இருந்த 100 பேருடன் ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வும் மனநோய், குடும்பத்தில் மனநோய் வரலாறு, அண்மையில் நேர்ந்த துயர நிகழ்வு ஆகிய மூன்றையும் சுட்டியது. நோயை மட்டும் பார்ப்பதும் பிழையாகிவிடும். குடும்ப வன்முறை, விருப்பமில்லாத திருமணம், சாதி இழிவு, வறுமை ஆகியவை இந்தியாவிலும் இலங்கையிலும் வகிக்கும் பங்கு பெரிது. எனினும் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் கொண்டு மாற்றக்கூடிய கண்ணி ஒன்று இருக்கும்போது, அது கண்ணில் படாமலே போவது வேதனைக்குரியது.

மனநிலைக் கோளாறு என்பது ஒருவருடைய மகிழ்ச்சி, துயரம், ஊக்கம் ஆகியவை சூழலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் இயல்பை இழந்து, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ ஒரே நிலையில் நிலைகுத்திவிடும் நோய். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மனம் தாழ்ந்தோ, எதிலும் விருப்பமற்றோ இருப்பதும், அதனுடன் உறக்கம், பசி, கவனம், உடல் வலு ஆகியவை குலைவதும் மனச்சோர்வு நோய். அத்தகைய சோர்வுக் காலங்களுடன், உறக்கமே தேவைப்படாத அளவுக்கு மிகையான துடிப்பும் வேகமான பேச்சும் கட்டுக்கடங்காத தன்னம்பிக்கையும் பொங்கும் மிகையெழுச்சிக் காலங்களும் மாறிமாறி வருவது இருமுனைக் கோளாறு. ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் தோன்றும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. அதாவது, பள்ளிப் பருவமே இந்நோய்களின் தொடக்கப் பருவமும் ஆகும்.

பெரியவர்களிடம் மனச்சோர்வு அழுகையாகவும் மௌனமாகவும் வெளிப்படுவது போலவே பிள்ளைகளிடமும் வெளிப்படும் என்று எதிர்பார்ப்பதால்தான் வீடுகளில் அது அடையாளம் காணப்படாமல் போகிறது. பதின்ம வயதில் துயரத்தைக் காட்டிலும் எரிச்சலே மேலோங்கி நிற்கக்கூடும். தொட்டதற்கெல்லாம் கோபம், காரணமற்ற வயிற்றுவலியும் தலைவலியும், விளையாட்டை விட்டுவிடுதல், கூட்டாளிகளைத் தவிர்த்தல், மதிப்பெண் சரிதல், இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குதல் ஆகிய அனைத்தும் 'திமிர்', 'சோம்பேறித்தனம்', 'வயசுக் கோளாறு' என்று பெயர் பெற்றுவிடுகின்றன. பெயர் மாறினால் மருந்தும் மாறிவிடுகிறது. மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளைக்கு அறிவுரையும், அதற்கும் அடங்காவிட்டால் அடியும் கிடைக்கின்றன.

இந்நோய் உள்ள பிள்ளைகள் எல்லோரும், எல்லா நாளும், ஒரே அளவு ஆபத்தில் இருப்பதில்லை என்பது அண்மைக்கால ஆராய்ச்சி தந்துள்ள மிக முக்கியமான செய்தி. அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, இருமுனைக் கோளாறு கொண்ட 7 முதல் 17 வயது வரையுள்ள 413 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தன. டீனா கோல்ட்ஸ்டைன் தலைமையில் 2012இல் வெளியான அதன் முடிவின்படி, அவர்களில் 18 விழுக்காட்டினர் அந்தக் காலத்தில் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றிருந்தனர். ஆய்வாளர்கள் அத்துடன் நிற்காமல், ஒவ்வொரு முயற்சிக்கும் முந்தைய எட்டு வாரங்களை வாரம்வாரமாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அந்த எட்டு வாரங்களில் முழுமையான மனச்சோர்வில் கழிந்த வாரங்கள், கலப்புநிலையில் கழிந்த வாரங்கள், போதைப்பொருள் பழக்கம் நீடித்த வாரங்கள் ஆகியவை மிகும்தோறும் ஆபத்தும் மிகுந்தது. காய்ச்சல் அட்டையில் கோடு ஏறுவதும் இறங்குவதும் போல, ஒரே பிள்ளையிடமே ஆபத்து ஏறி இறங்குகிறது. சிகிச்சைக்கு அதிகமாக வந்த வாரங்களுக்குப் பின்னும் முயற்சிகள் கூடுதலாகக் காணப்பட்டன என்பதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். நோய் முற்றும்போதுதான் குடும்பம் மருத்துவரை அடிக்கடி நாடுகிறது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

கலப்புநிலை என்பதைச் சற்று விரிவாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அது எளிதில் ஏமாற்றிவிடும். மனச்சோர்வின் நம்பிக்கையின்மையும் மிகையெழுச்சியின் துடிப்பும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் கூடுவதே கலப்புநிலை. ஆழ்ந்த சோர்வில் கிடப்பவருக்கு எழுந்து நடக்கவே வலுவிருக்காது; கலப்புநிலையில் இருப்பவருக்கோ வேதனையும் இருக்கிறது, அதை உடனே முடித்துவிட வேண்டும் என்று உந்தும் பரபரப்பும் இருக்கிறது, உறக்கமும் இல்லை. பல நாள் படுத்துக் கிடந்த மகள் திடீரென்று எழுந்து நடமாடி, படபடவென்று பேசுவதைக் காணும் பெற்றோர், தேறிவிட்டாள் என்று நிம்மதி கொள்ளும் அந்த நாள்களிலேயே கண்காணிப்பு கூடுதலாகத் தேவைப்படக்கூடும்.

இந்த வயதுக்கே உரிய மூளை வளர்ச்சியும் இந்த ஆபத்துக்குத் துணைபோகிறது. உணர்ச்சி, வெகுமதி, அச்சம் ஆகியவற்றுடன் தொடர்புடைய மூளையின் உட்பகுதிகள் பூப்பெய்தும் காலத்திலேயே வேகமாகச் செயல்படத் தொடங்கிவிட, விளைவை எண்ணிப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்த உதவும் நெற்றிப்புற மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பூப்புக் காலத்தில் உடலின் உள்கடிகாரமும் தாமதமாகத் தள்ளிப்போவதால், பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் தாமதமாகவே வருகிறது. விடியற்காலைத் தனிவகுப்பும் தேர்வுப் பயிற்சியும் சேர்ந்து அந்தத் தூக்கத்தை மேலும் குறைக்க, தூக்கக் குறைவு மனநிலையை மேலும் சரிக்கிறது.

அப்படியானால், யார் எப்போது முயல்வார் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஜோசப் பிராங்க்ளின் குழுவினர் ஐம்பது ஆண்டுகளில் நடந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, இதுவரை அறியப்பட்ட ஆபத்துக் காரணிகள் எவையும் தனி ஒருவரின் எதிர்காலத்தைத் தற்செயலான ஊகத்தைவிடச் சற்றே மேலான அளவில்தான் சொல்கின்றன என்று காட்டியது. இது மனம் தளரச் செய்யும் முடிவு போலத் தோன்றினாலும், மருத்துவத்தை ஒரு நல்ல திசையில் திருப்பியிருக்கிறது. 'இந்தப் பிள்ளை ஆபத்தானவனா இல்லையா' என்று முத்திரை குத்துவதற்குப் பதிலாக, நோயுற்ற ஒவ்வொரு பிள்ளையிடமும் நேரடியாகக் கேட்பதும், ஒவ்வொருவருக்கும் நெருக்கடி வேளைக்கான ஏற்பாட்டைச் செய்துவைப்பதும் முறையாகின்றன.

கேட்பதற்குப் பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சுகின்றனர். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்பது அந்த அச்சம். மேடலின் கோல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டுச் சோதித்து 2005இல் வெளியிட்ட முடிவு, கேள்வி எண்ணத்தை உண்டாக்கவில்லை, மனவேதனையைக் கூட்டவும் இல்லை என்று காட்டியது. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களின் வேதனை சற்றுக் குறைந்தும் காணப்பட்டது. எனவே சுற்றிவளைக்காமல், குற்றம் சாட்டும் தொனியும் இல்லாமல், "கண்ணு, உயிரோட இருக்கவே பிடிக்கலைன்னு தோணுதா? தற்கொலை பண்ணிக்கலாம்னு நெனச்சிருக்கியா?" என்று தாயோ ஆசிரியரோ கேட்கலாம். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அதிர்ந்து அழுவதோ, சத்தியம் வாங்குவதோ, 'உனக்கு என்ன குறை வெச்சோம்' என்று வாதிடுவதோ பிள்ளையின் வாயை அடைத்துவிடும். சொன்னதற்கு நன்றி சொல்லி, உடன் அமர்ந்து கேட்டுவிட்டு, தனியே விடாமல் அன்றே உதவி தேடுவதுதான் செய்யத்தக்கது. "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற வகைப் பேச்சை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தான் யாருக்கும் சொந்தமில்லை என்ற உணர்வும், தான் எல்லோருக்கும் பாரம் என்ற உணர்வும் ஒன்றுசேர்வதே தற்கொலை விருப்பத்தின் அடித்தளம் என்று தாமஸ் ஜாய்னர் என்னும் உளவியலாளர் 2005இல் முன்வைத்த கோட்பாடு, பிள்ளைகள் சொல்லும் அந்தச் சொற்களுக்கு மிக அருகில் நிற்கிறது.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அது பலனும் தருகிறது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையுள்ள 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், 12 வாரங்களின் முடிவில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரும், எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 43 விழுக்காட்டினரும், ஃபுளுவோக்செட்டின் என்னும் மருந்து பெற்றவர்களில் 61 விழுக்காட்டினரும், மருந்தையும் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினரும் நன்கு தேறியிருந்தனர். அதே ஆண்டின் அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மனச்சோர்வு மருந்துகளின் உறைகளில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்க ஆணையிட்டது. 24 மருந்துச் சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 4,400 பிள்ளைகளின் தரவுகளில், மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரிடமும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2 விழுக்காட்டினரிடமும் தற்கொலை எண்ணமோ நடத்தையோ தோன்றியிருந்ததே அதற்குக் காரணம். அச்சோதனைகளில் ஒருவர்கூடத் தற்கொலையால் இறக்கவில்லை. இந்த எச்சரிக்கையை மருந்தே கூடாது என்று படிப்பது பிள்ளைக்குத் தீங்காகும். மருந்து தொடங்கும் வாரங்களிலும் அளவு மாற்றும் வாரங்களிலும் மருத்துவரை அடிக்கடி பார்க்க வேண்டும், புதிய படபடப்போ உறக்கமின்மையோ தோன்றினால் அடுத்த முறைவரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும், தானாக மருந்தை நிறுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். இருமுனைக் கோளாற்றின் தொடக்கம் மனச்சோர்வு வடிவிலேயே வரக்கூடும் என்பதாலும், அத்தகையோரிடம் மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் மிகையெழுச்சியோ கலப்புநிலையோ கிளம்பக்கூடும் என்பதாலும், மருத்துவர் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது மாமாவுக்கோ பாட்டிக்கோ இருந்த நோயை மறைக்காமல் சொல்வது பிள்ளையைக் காக்கும் செயல். இருமுனைக் கோளாறு உள்ள பெரியவர்களிடம் லித்தியம் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக நீண்டகாலப் பதிவுகள் காட்டுகின்றன. வளரிளம் பருவத்தினரிடம் சான்று இன்னும் குறைவு, இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிப்பதும் கட்டாயம். மீண்டும் மீண்டும் தம்மைக் காயப்படுத்திக்கொள்வோருக்காக மார்ஷா லினஹன் வகுத்த தனிவகைப் பேச்சுச் சிகிச்சை, 173 வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் முயற்சிகளைக் குறைத்தது.

ஆபத்து வாரக்கணக்கில் ஏறி இறங்குகிறது என்றால், அந்த வாரங்களுக்குள் வரும் உச்சம் அதைவிடவும் குறுகியது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் முயற்சிக்குப் பின் உயிர் பிழைத்த 82 பேரிடம் கேட்டு 2009இல் வெளியான ஆய்வில், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்த எண்ணம் எழுந்ததற்கும் முயற்சிக்கும் இடையே பத்து நிமிடமோ அதற்கும் குறைவான நேரமோதான் கழிந்திருந்தது. உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது நீண்டகாலப் பின்தொடர் ஆய்வுகளின் முடிவு. இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால், அந்தச் சில நிமிடங்களில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிர் நிலைப்பதற்குப் போதுமானதாகலாம் என்பது புரியும். 'சாகத் துணிந்தவரைத் தடுக்க முடியாது, இதில்லாவிட்டால் வேறொன்று' என்று பரவலாகச் சொல்லப்படும் கருத்தை இலங்கை பொய்யாக்கியது. 1995இல் அங்கே எட்டு வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு லட்சத்துக்கு 57 பேர் என்ற அளவில் இருந்த தற்கொலை வீதம், மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்த பின்னர், 2015இல் 17 ஆகக் குறைந்தது. மக்கள் வேறு வழிகளுக்குப் பெருமளவில் மாறவுமில்லை. இருபதாண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இதனால் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். போர் நடந்துகொண்டிருந்த, செல்வம் குறைந்த ஒரு நாடு, முதன்மையாகச் சட்டத்தின் வழியாகவே இதைச் சாதித்தது என்பது இந்தத் துறையில் ஈடில்லாத நிகழ்வு. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டக் கிராமங்களில், சென்னையைச் சேர்ந்த சிநேகா அமைப்பு, உழவர்களின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்ததும் இதே எண்ணத்தின் வழியே.

வீட்டளவில் இதைச் செய்வதற்குச் சட்டம் தேவையில்லை. பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள எல்லோருடைய மாத்திரைகளையும் பூட்டிவைத்து, பிள்ளையின் மருந்தைப் பெரியவர் ஒருவரே வேளைக்கு எடுத்துக் கொடுத்தால் போதும். இதனுடன் சேர்த்து, பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரௌனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் என்னும் எளிய தாள் இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. மனம் அமைதியாக இருக்கும் நாளில், தனக்கு நெருக்கடி வருவதன் அறிகுறிகள் எவை, தானாகச் செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை எவை, யாருடன் எங்கே இருந்தால் எண்ணம் விலகும், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அழைப்பது, வீட்டை எப்படிப் பாதுகாப்பாக்குவது என்பதைப் பிள்ளையே தன் சொற்களில் எழுதி வைப்பது அது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், பின்தொடர் தொலைபேசி அழைப்புகளுடன் சேர்த்து இதைச் செய்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் 45 விழுக்காடு குறைந்திருந்தன.

பள்ளிகளைப் பொறுத்தவரை, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த டனூட்டா வாசர்மன் தலைமையில் பத்து ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு வியப்பளிக்கும் முடிவைத் தந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த முறையும், மாணவர்களைச் சோதித்து மருத்துவரிடம் அனுப்பிய முறையும் தெளிவான பலனைக் காட்டாதபோது, மாணவர்களே நடித்தும் பேசியும் மனநலத்தைப் பற்றிக் கற்ற ஐந்து மணிநேர வகுப்புகள் ஓராண்டில் புதிய முயற்சிகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தன. பிள்ளைகள் முதலில் மனம் திறப்பது இன்னொரு பிள்ளையிடமே என்பதை எண்ணினால் அந்த வியப்பு நீங்கும். தமிழ்நாட்டில் தேர்வில் தோற்றவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் துணைத்தேர்வு முறையும், 2017இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டதும் மருத்துவமனைக்கு வெளியே நடந்த நல்ல தடுப்புச் செயல்கள். ஓராண்டு வீணாகிவிட்டது என்னும் இருளைத் துணைத்தேர்வு சில வாரக் காத்திருப்பாக மாற்றியது.

முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் காவல்துறை வழக்குக்கே அஞ்சுகின்றன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. இந்தியாவில் எந்த நேரமும் டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. பிள்ளை உடனடி ஆபத்தில் இருந்தால் அழைப்புக்கும் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்களே ஆபத்து மிகுந்த காலம் என்பது பல நாடுகளின் தரவுகளில் உறுதியாகியிருக்கிறது. குடும்பமோ, வீடு வந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி, பிள்ளையை விட்டுப்போன பாடங்களை நோக்கித் துரத்தத் தொடங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப முடியுமா என்று சோதிக்க, உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மற்றப் பிரிவினருக்கு அதனுடன், வீடு திரும்பும் வேளையில் ஒரு மணிநேர உரையாடலும், பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிக்கும் ஒன்பது சந்திப்புகளும் கிடைத்தன: முதலாம், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்களிலும், பின்னர் நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களிலும். ஆபத்து மிகுந்த தொடக்க வாரங்களில் நெருக்கமாகவும், நாள் செல்லச்செல்ல இடைவெளி விட்டும் அமைந்த அந்த விசாரிப்பின் விளைவு 2008இல் வெளியானது. பதினெட்டு மாதங்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருக்க, விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 விழுக்காடாக இருந்தது. விலை உயர்ந்த கருவியோ புதிய மருந்தோ அந்தப் பிரிவினருக்குக் கூடுதலாகக் கொடுக்கப்படவில்லை; ஒரு வட்டார மருத்துவமனையின் செவிலியரிடம் ஒரு தொலைபேசியும், பெயரும் தேதியும் குறித்த ஒரு பதிவேடும் இருந்தால் அதே அட்டவணையை அங்கும் நடத்த முடியும்.